புடவை கட்டின திமிங்கிலமும் மங்கம்மாவின் வெற்றிலைத் தட்டும்

மங்கம்மா யார் வீட்டுப் பெண் என்றால், காசிமேட்டு வலைக்காரர் பொன்னுரங்கத்தின் மூன்றாவது மகள். அவருக்குப் பிறந்தது எல்லாம் பெண். வீட்டில் அப்பாவைத் தவிர ஆண் வாடையே கிடையாது. அந்த அப்பாவும் விடிவதற்கு முன்னால் கடலுக்குப் போய்விடுவார், வந்தால் சாராயக் கடைக்குப் போய்விடுவார். பத்தொன்பது வயதில் அவளைத் திருவொற்றியூர்க் குப்பத்துத் தண்டபாணிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். தண்டபாணியின் அம்மா முத்தம்மா. முத்தம்மாவின் தம்பிதான் எத்திராஜ், குப்பத்துப் பஞ்சாயத்தின் பெரியவர். இந்தச் சொந்தத்தை இப்போதே மனசில் வைத்துக்கொண்டால் பின்னால் சௌகரியம்.

தண்டபாணியைப் பார்த்தால் எவனும் ஒரு அடி ஒதுங்கித்தான் நிற்பான். மார்பு கதவு மாதிரி, மீசை கத்தி மாதிரி. கட்டுமரத்து நடுமரத்தைத் தனியாளாகத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் நடப்பான். ஆனால் கல்யாணமாகி ஆறேழு வருஷமாகியும் வீட்டில் தொட்டில் கட்டவில்லை. அதற்காக மங்கம்மா குடிக்காத கஷாயம் இல்லை. வேப்பங்கொழுந்து, மலைவேம்பு, பேர் தெரியாத வேர் எல்லாம் அரைத்துக் கொடுத்தார்கள். வடிவுடையம்மன் கோயிலைச் சுற்றிச் சுற்றிக் கால் தேய்ந்தது. தண்டபாணிக்கு ஒரு சொட்டு மருந்து கிடையாது. அவனுக்கு எதற்கு மருந்து? அதுதான் மீசை இருக்கிறதே.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம், எத்திராஜ் தன் கடைசி மகள் நீலாவை அக்கா மகனுக்கு இரண்டாம் தாரமாகக் கொடுக்கத் தயாரானார். அந்தக் குப்பத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. மூத்தவள் சபையில் எழுந்து நின்று, தன் கையாலேயே வெற்றிலைத் தட்டைப் புருஷனிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வீட்டு மூலையில் இருந்துகொள்ளலாம். மறுத்தால் அப்பன் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டும். மங்கம்மாவின் அப்பன் செத்து இரண்டு வருஷம். அப்பன் வீடு என்று சொல்ல அங்கே ஒரு அக்காள் புருஷனும், அவன் குடியும்தான் இருந்தன. வெள்ளிக்கிழமை சபை என்று முடிவாயிற்று.

அந்த வாரம் பார்த்துத்தான் கரையில் திமிங்கிலம் ஒதுங்கியது.

செத்துதான் ஒதுங்கியது. இரண்டு படகு நீளம் இருக்கும். பாதி மல்லாந்தாற்போல ஒருக்களித்துக் கிடந்தது. கடலம்மா அனுப்பின உயிர் கரையில் செத்தால் சும்மா விடக்கூடாது, மரியாதை செய்ய வேண்டும் என்பது குப்பத்து வழக்கம். ஆணாக இருந்தால் வேட்டி போர்த்திச் சாராயம் தெளிப்பார்கள். பெண்ணாக இருந்தால் மஞ்சள் குங்குமம், புடவை. ஆகவே முதலில் ஆணா பெண்ணா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்புச் சொல்ல எத்திராஜ் இருக்கிறார்.

அவர் கைத்தடியோடு அதை ஒரு சுற்று வந்தார். வால் பக்கம் குனிந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஒரு கோடு மாரி கீது. வேற ஒண்ணியும் இல்ல. பொம்பளதான்."

"நல்லாப் பாத்தியா மாமு?" என்றான் ஒருத்தன்.

தண்டபாணிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாடா பாக்கறது? ஆம்பளன்னா தெரியாதா? ஆம்பளைக்கு அடையாளம் வெளியதான் நிக்கும். ஒளிச்சு வெச்சுக்கினா கீறான்?" என்று மீசையைத் தடவினான்.

வயிறு வேறு புடைத்திருந்தது. "ஐயோ, மாசமா கீறா பாரு" என்று முத்தம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். ஏழு மாசமா ஒன்பது மாசமா என்று கிழவிகளுக்குள் சண்டை வந்து, ஒன்பது என்று தீர்ந்தது. பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவதும் வழக்கம்தானே. வழிப்போக்கர் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்தால் செத்தவள் வயிற்றுப் பாரம் இறங்கும் என்பார்கள். கல்லும் வந்தது. எட்டுப் புடவையை ஒன்றாகத் தைத்துப் போர்த்தினார்கள். வளையல்களைக் கயிற்றில் கோத்து அதன் பக்கத் துடுப்பில் சாத்தினார்கள். முத்தம்மா ஒப்பாரி வைத்தாள். "மவராசி, மஞ்சக் குங்குமத்தோட போறியே, உன் புருஷங்காரன் எந்தக் கடல்ல அழுதுகினு கீறானோ!"

மங்கம்மாவும் ஒரு கிண்ணம் மஞ்சள் அரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். முத்தம்மா ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினாள்.

"நீ தள்ளி நில்லுமே. பிள்ளத்தாச்சிக்கு மலடி கை பட்டா ஆவாது."

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியை எடுத்தாள். மங்கம்மா மஞ்சள் கிண்ணத்தோடு வலைக்குவியல் பக்கம் போய் நின்றுகொண்டாள். செத்த மீனுக்குக்கூடத் தன் கை ஆகவில்லை என்பதை அவள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் உச்சி வெயில். செத்த உடம்பு வெயிலில் என்ன செய்யும்? உப்பும். வயிற்றுக்குள் காற்று ஏறி ஏறி, தையல் ஒவ்வொன்றாகத் தெறித்தது. அப்புறம், எத்திராஜ் கோடு என்று சொன்னாரே, அந்தக் கோட்டுக்குள்ளிருந்து அது வெளியே வந்தது. படகுத் துடுப்பு நீளம். புடவையைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"பொம்பளைங்கள்லாம் வூட்டுக்குப் போங்க!" என்று எத்திராஜ் கத்தினார். வீட்டில் இருந்த பெண்களும் கரைக்கு வந்தார்கள்.

"இதுக்கா நான் தொண்ட கட்ற மாரி அழுதேன்!" என்று முத்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சிரிக்கத் தொடங்கின கூட்டத்தை எத்திராஜ் தடியால் மணலில் ஒரு தட்டுத் தட்டி அடக்கினார். நேற்றுச் சொன்ன தீர்ப்பு தப்பு என்று பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வேறு காரணம் கண்டுபிடிப்பார்கள். "நேத்து பொம்பளதான். ராவோட ராவா மாறிப்பூட்ச்சு. கடலம்மாவுக்குக் கோவம். யாரோ ஆவாதவ கிட்ட வந்துட்டா." சொல்லிவிட்டு, மங்கம்மா அன்றைக்கும் ஒதுங்கி நின்ற வலைக்குவியல் பக்கம் பார்த்தார். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பிற்று.

அந்த நேரத்துக்குத்தான், திமிங்கிலம் ஒதுங்கின சேதி கேட்டு, அதன் எலும்பைப் பார்க்க ஒருத்தர் வந்து சேர்ந்தார். வேதமாணிக்கம் என்று பேர், தெற்கத்திக்காரர், ஒரு காலேஜில் மிருகங்களின் உடம்பைப் பற்றிப் பாடம் சொல்கிறவர். திமிங்கிலத்தைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். நல்ல மனுஷன், சிரிக்கவில்லை.

"ஐயா, இது நேத்தும் ஆண்தான். இது மீனே இல்லை. குட்டி போட்டுப் பால் கொடுக்கிற சாதி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் தூரத்துப் பங்காளி. இதோட முப்பாட்டன் காலத்துல நாலு காலால தரையில நடந்துச்சு. அப்புறம் தண்ணிக்குள்ள போச்சு. நீந்தறப்போ வெளிய தொங்கறது எல்லாம் இடைஞ்சல்தானே? தலைமுறை தலைமுறையா உடம்பு வழவழப்பாயிடுச்சு. உறுப்பு மடிப்புக்குள்ள போயிடுச்சு. விதை ரெண்டும் வயித்துக்குள்ளேயே இருக்கு. பின்னங்காலும் போச்சு. இடுப்பெலும்புல ரெண்டே ரெண்டு துண்டுதான் மிச்சம். அதுவும் எதுக்குன்னா, இந்த உறுப்பைப் பிடிச்சுக்க."

எத்திராஜ் இரண்டு கையாலும் தடியை ஊன்றிக்கொண்டார். "காலு பூட்டாலும் அத்த மட்டும் உடல, பாத்தியா!" என்றார் மெச்சுதலாக. பிறகு சந்தேகம் வந்தது. "அப்ப நம்பளுது இன்னாத்துக்கு சார் வெளிய கீது?"

"விதை ரெண்டும் நமக்கும் முதல்ல வயித்துக்குள்ளதான் உண்டாகுது. காளைக்கும் அப்படித்தான், கடாவுக்கும் அப்படித்தான். பிறக்கிறதுக்கு முன்னால கீழே இறங்கிப் பைக்குள்ள உட்காரும். உடம்புச் சூடு வித்துக்கு ஆகாது. யானைக்கு இறங்கறதே இல்லை. அதுக்கும் திமிங்கிலத்துக்கும் உள்ள இருந்தா மட்டும் எப்படி ஆகுதுன்னு படிச்சவங்களுக்கே இன்னும் தெரியலை."

"மனுசனுக்கு எறங்காட்டி?" என்று கூட்டத்தில் ஒரு குறும்புக் குரல்.

"அப்படியும் சில பேர் உண்டு. பார்க்க முழு ஆம்பளைதான். மீசை, குரல், பலம் எதுக்கும் குறைவிருக்காது. ஆனா ரெண்டுமே இறங்காம நின்னுட்டா, பிள்ளை பிறக்கறது கஷ்டம்."

மங்கம்மா வலைக்குவியலைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். விஷயம் என்னவென்றால், அவளுக்குத் தெரிந்த ஆண் ஒரே ஒருவன்தான். தெருவில் அம்மணமாக ஓடுகிற பிள்ளைகளை அவளும் பார்த்திருக்கிறாள். பையன்களுக்கு அந்தப் பை தொங்குகிறது, தண்டபாணிக்கு இல்லை. சரி, பால் பல் விழுகிற மாதிரி இதுவும் பெரியவனானால் உள்ளே போய்விடும் போல என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். இதை யாரிடம் போய்க் கேட்பது?

அவள் புருஷனைத் தேடினாள். மீசையைத் தடவின கை இறங்கியிருந்தது. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

அவளும் பின்னாலேயே போனாள். கதவைச் சாத்தினாள்.

"யோவ், கெளம்பு. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்."

"இன்னாத்துக்குமே?"

"என்னை மலடின்றாங்களே, மெய்யாலுமேவான்னு கேக்கத்தான். டாக்டரு ரெண்டு பேரையும் பாத்துதான் சொல்லுவாராம்."

கட்டுமரம் தூக்குகிற ஆள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். "வெளிய சொல்லிடாதமே. எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. தண்ணிக்குப் போறவன், ஈரக் கோவணத்தோட நின்னாலும் மறைச்சு மறைச்சுதான் நிப்பேன்."

"ஆறு வருசமா வேப்பங்கஷாயம் குடிச்சனேய்யா. அப்பல்லாம் வாய் தொறக்கல நீ. நாளைக்கு நீலா குடிப்பா. அவளுக்கு அப்பால இன்னொருத்தி குடிப்பா."

அவள் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தாள். தெருவில் போய் நின்று கத்தினால் ஒரு நிமிஷத்தில் அவன் மானம் எண்ணூர் வரை போய்விடும். மானம் போன புருஷனோடும் அவள்தானே குடித்தனம் பண்ண வேண்டும்?

வெள்ளிக்கிழமை சபை கூடியது. மங்கம்மா வெற்றிலைத் தட்டோடு எழுந்து நின்றாள்.

"குடும்மா" என்றார் எத்திராஜ்.

"குடுக்கறேன் மாமா. ஒரே ஒரு கேள்வி. ரெண்டு படகு நீளத்துல கண்ணு முன்னால படுத்துகினு இருந்துச்சு. அது ஆம்பளையா பொம்பளையான்னு இந்த சபைக்குத் தெரியல. புடவ கட்டி, வளையல் போட்டு, கல்லும் நட்டீங்க. எங்க வூட்டுல கொற யாருகிட்ட கீதுன்னு மட்டும் எப்டி மாமா கண்டுபுட்ச்சீங்க?"

முதலில் பின்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் சபையே சிரித்தது. எத்திராஜுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "இன்னா வாயி இவளுக்கு! டேய் தண்டபாணி, தட்ட வாங்குடா!"

மங்கம்மா தட்டைப் புருஷன் பக்கம் நீட்டினாள். நீட்டிக்கொண்டே, "ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போலாமாய்யா?" என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

தண்டபாணி எழுந்தான். "மாமு, எனக்கு ரெண்டாங்கட்டு வோணாம். கொயந்த இல்லாட்டிப் போவுது. மங்கம்மா போதும் எனக்கு."

பிறகு நடந்ததுதான் அநியாயம். கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "ஆம்பளன்னா இவன்டா ஆம்பள" என்றார்கள். முத்தம்மா மகனுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். மலடியைக்கூடத் தள்ளாத உத்தமன் என்று தண்டபாணியின் பேர் காசிமேடு வரை போயிற்று. நீலாவை எண்ணூரில் கொடுத்தார்கள். வரிசையாகப் பிள்ளை பெற்றாள். நல்லபடியாக இருந்தாள். மங்கம்மாவை மட்டும் ஊர் கடைசி வரைக்கும் மலடி என்றுதான் சொன்னது. வீடு மட்டும் அவளுடையதாக இருந்தது. தண்டபாணி அதற்கப்புறம் அவள் பேச்சுக்கு ஒரு பேச்சு எதிர் பேசினதில்லை, மீன் விற்ற காசை எடுத்துக் குடித்ததில்லை, குரல் உயர்த்தினதும் இல்லை.

அதைப் பார்த்துக் குப்பத்துப் பெண்களுக்குச் சந்தேகம். அவள் மீன் கூடையை இறக்குகிற இடத்தில் ஒவ்வொருத்தியாக வந்து குசுகுசுப்பாள்.

"யக்கா, சோத்துல இன்னா மருந்து வெச்ச?"

மங்கம்மா செதிள் சீவுகிற கையை நிறுத்தாமல் சொல்வாள்: "மருந்துமில்ல, மாயமுமில்ல. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போலாம் வான்னு கூப்புடு. அவ்ளோதான்."

அது என்ன மந்திரம் என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தார்கள். சில வீடுகளில் அது நன்றாகவே வேலை செய்தது.