நாலு மணி நேரத் தூரத்துத் தங்கை

கொரியாவில், பூசானில், என் அலுவலகத் தோழி மிகா திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் எனக்குப் பசி போய்விடும். அதில் இருப்பது முந்தின நாள் ஜப்பானில், ஃபுகுவோகாவில், அவள் அம்மா சமைத்துக் கட்டிக்கொடுத்தது. விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற பஸ் நின்று நின்று அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும். "உன் வீடு எவ்வளவு தூரம்?" என்று ஒருமுறை கேட்டாள். என் அரைகுறைக் கொரிய மொழியில் "ஒரு நாள்" என்றேன். "ஒரே நாளில் போய்வந்துவிடலாமா? நல்ல வசதி!" என்று சந்தோஷப்பட்டாள். போய்ச் சேரவே ஒரு நாள் என்று விளக்க என் கொரிய மொழி போதாது.

மிகாவின் மேல் இருந்தது சின்னப் பொறாமைதான். பெரியது என் தங்கை செல்வியின் மேல். அவள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கிருந்து சென்னைக்கு நாலே மணி நேரம். எனக்கோ பூசானிலிருந்து நேர் விமானம் கிடையாது. அவள் ஊரில் இறங்கிக் காத்திருந்து, அடுத்த விமானம் ஏற வேண்டும்.

போன வருஷம், நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா சிங்கவரம் ரோட்டில் மொபெட்டோடு விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். காலையில் போன் வந்தது. இருட்டுவதற்குள் செல்வி ஆஸ்பத்திரியில் இருந்தாள். எனக்கு விடுமுறை கிடைத்து, டிக்கெட் கிடைத்து, நான் செஞ்சி போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்து அவரை வீட்டுக்கே கூட்டி வந்திருந்தார்கள். வாசலிலேயே அத்தை சொன்னாள்: "செல்வி ஓடியாந்துட்டா. எல்லாத்தையும் அவதான் பாத்துக்கிட்டா. நீ இன்னா பண்ணுவ, தூரமாச்சே."

உள்ளே செல்வி நைனாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தலையணையை எப்படி வைத்தால் அவருக்கு வலிக்காது என்பதெல்லாம் அவளுக்குப் பழகியிருந்தது. "கிண்ணத்தக் குடு, நான் ஊட்டறேன்" என்று பிடுங்கினேன். கஞ்சி போர்வையில் சிந்தியது. நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"செல்வி வந்துடுவான்னு தெரியும்மா. நீ வருவேன்னு நான் நெனைக்கவே இல்ல."

சந்தோஷத்தில்தான் சொன்னார். என்னை எதிர்பார்ப்பதை அவர் எப்போது நிறுத்தினார்? அன்று முழுக்கச் செல்வியோடு நான் பேசவில்லை. அவள் இரண்டு முறை டீ கொண்டுவந்து வைத்தாள், இரண்டும் ஆறிப்போயின.

விடுமுறை முடிந்து இருவரும் ஒரே நாளில் கிளம்பினோம். நைனா அவளிடம், "அடுத்த மாசம் வரும்போது அந்தத் தைலம் வாங்கியா" என்றார். என்னிடம், "பத்திரமா இரும்மா" என்றார்.

விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. செல்வி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கோபம் தீரவில்லை, தோளை நகர்த்தவும் மனம் வரவில்லை. சிங்கப்பூரில் இறங்கியதும், "வரேன்க்கா" என்று கட்டிக்கொண்டு வெளியே போகும் வழியில் நடந்தாள். அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பவர்களோடு போய் நான் உட்கார்ந்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்துப் போனில் அவளுடைய செய்தி வந்தது. "வூட்டுக்கு வந்து குளிச்சிட்டேன்க்கா. நைனா போன் பண்ணாரு. நீ எங்க இருக்கேன்னு கேக்கறாரு."

கண்ணாடிக்கு வெளியே அவள் ஊர் வெயிலில் தெரிந்தது.

"நடுவுல இருக்கேன்னு சொல்லு" என்று எழுதினேன்.