என் வேனில் ஏறிய பூகோள மேடம்

போன வாரம் மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒட்டி நடந்துவந்தேன். சாலை போடுகிறவர்கள் சிவப்பும் வெள்ளையும் பட்டை அடித்த கழி ஒன்றை மண்ணில் நட்டிருந்தார்கள். பார்த்ததும் என் மூக்கில் எலுமிச்சம்பழச் சோற்று வாசனை அடித்தது. கழிக்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் நாலாவது வரைதான் படித்தவன். பெண்ணாடத்தில் கரும்பு லாரிக்குக் கிளீனராகப் போனவன், சொந்தமாக மூன்று வேன் வாங்கிக் கடலூரில் நிறுத்தினேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான், இருக்கட்டும். நல்ல சவாரி என்றால் ஆளை அனுப்ப மாட்டேன், நானே ஓட்டுவேன்.

அப்படி ஓட்டியதுதான் எஸ்தர் மேடத்தின் சவாரி. சிதம்பரத்தில் குடியிருந்தார். ஒரு பல்கலைக்கழகத்தில் பூகோளம் நடத்தினார். எது என்பது வேண்டாம். அந்தத் துறைக்கு வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான். பூகோளம் படிக்கிறவர்கள் வெளியே போய் ஊரை அளந்து படம் போட வேண்டுமாம். ஆனால் வருஷா வருஷம் ஆண் வாத்தியார்கள் பையன்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மேடமும் பெண்பிள்ளைகளும் அறைக்குள் உட்கார்ந்து, பையன்கள் அளந்துவந்ததற்கு மை போடுவார்கள். எங்களையும் அனுப்புங்கள் என்று மேடமும் மேலிடத்தில் விடாமல் கேட்டிருக்கிறார். “பொம்பளப் பிள்ளைங்க, தெரியாத ஊரு, ஏதாவது ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?” என்பார்களாம். தலை நரைத்த பிறகு, சுனாமி வந்துபோன இரண்டொரு வருஷத்தில்தான் சரி என்றார்கள். ஒரே ஒரு நாள். ஒரு புகார் வந்தாலும் இனிமேல் கிடையாது.

வண்டி கிளம்பும்போதே மேடம் சொல்லிவிட்டார். “முதலாளி, இன்னிக்கு ஒரு சண்ட சச்சரவு வரக்கூடாது. வந்துச்சுன்னா இந்தப் பிள்ளைங்களும் என்னாட்டம் ரூமுக்குள்ளயே கெடக்கணும்.”

“நான் இருக்கேன் மேடம்,” என்றேன்.

செம்மங்குப்பம் தாண்டும்போது ஜன்னலை மூடச் சொன்னேன். அந்தப் பக்கத்து ரசாயனக் கம்பெனிக் காற்று அப்படி. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டே பாடிக்கொண்டு வந்தார்கள். அப்படி ஒரு கச்சேரியை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கடலோரத்தில் ஒரு ஊர். மேடம் முக்காலிமேல் பலகையை வைத்துத் தாளை விரித்தார். பிள்ளைகள் சிவப்பு வெள்ளைக் கழிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி அங்கங்கே நட்டார்கள். மேடம் பலகைமேல் ஒரு சட்டத்தை வைத்து, அதன் ஓட்டை வழியே ஒற்றைக் கண்ணால் குறி பார்த்தார். முதல் கோடு விழுவதற்குள் ஊரே கூடிவிட்டது. அந்த நாளில் எங்கள் பக்கம் யாராவது கழி நட்டால், கம்பெனிக்கு நிலம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

“யாரக் கேட்டு அளக்குறீங்க?” என்று ஒரு பெரியவர் கழியைப் பிடுங்கிக்கொண்டார்.

நான் சும்மா இருப்பேனா? “யோவ், யார்கிட்ட பேசுற? மேடம் எவ்ளோ பெரிய ஆபீசர் தெரியுமா?” என்றேன்.

“பாத்தியா, ஆபீசராம். நிலத்த எடுக்கத்தான் வந்துருக்காங்க. வண்டி சாவியப் புடுங்குடா.”

என் சாவி போயிற்று. கலெக்டர் ஆபீசுக்குப் போன் போடுகிறேன் என்றார் பெரியவர். போன் போனால் அத்தோடு சரி. பிள்ளைகள் முகம் சுருங்கிவிட்டது.

மேடம் என் பக்கம் திரும்பினார். “முதலாளி, நீங்க போயி சோத்து மூட்டையப் பாத்துக்கங்க.” என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் துரத்தியதில்லை.

பிறகு ஊர்க் கூட்டத்தில் முன்னால் நின்ற பெண்ணைக் கூப்பிட்டார். “வாம்மா, இதுல ஒத்தக் கண்ண வச்சிப் பாரு. உன் வீடு தெரியுதா?”

“தெரியுது. கூரமேல என் பாவாட காயுது.”

கூட்டம் சிரித்தது. மேடம் அந்த வீட்டை வரைந்து, அவள் பேரையே எழுதினார். “இது பிள்ளைங்க படிப்புக்கும்மா. தண்ணி வந்தா எந்த வீடு முங்கும், எந்த மேட்டுக்கு ஓடலாம்னு பாக்கத்தான்.”

பக்கத்து வீட்டுக்காரி விடுவாளா? “அவ வீட்டப் போட்டீங்க, என்னுத விட்டுட்டீங்களே. என்னுதுதான் மேடு.”

“மேடா? போன மழைக்கு என் வீட்லதானடி வந்து படுத்த?”

அதற்குமேல் கழியைப் பிடிக்கத்தான் போட்டி. பெரியவரே தாம் பிடுங்கிய கழியைத் தம் வாசலில் நட்டு, “இந்த எடத்த மொதல்ல போடும்மா,” என்றார். என் சாவியை ஒருத்தர் அரைஞாண் கயிற்றிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். மதியம் மேடம் கட்டிவந்த எலுமிச்சம்பழச் சோற்றுக்கு அந்த ஊர்ப் பெண்கள் கருவாட்டுக் குழம்பு ஊற்றினார்கள். சேருமா என்று கேட்காதீர்கள், சேர்ந்தது.

புகார் போகவில்லை. அடுத்த வருஷம் இரண்டு வேன் கேட்டார்கள். மேடம் ஓய்வு பெறும்வரை நான்தான் ஓட்டினேன். ஆபீசர் என்ற பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

இப்போது முக்காலியும் பலகையும் கிடையாதாம், செல்போனிலேயே அளந்துவிடுகிறார்களாம். என் வேன்களை விற்றாயிற்று. அந்த ஊரில் கூரை வீடே இல்லை. எங்கள் தெருப் பெண் ஒருத்தி அதே துறையில் படிக்கிறாள். “பொம்பளப் பிள்ளைங்கள வெளிய அனுப்புறாங்களாம்மா?” என்று கேட்டேன்.

“அனுப்பாம என்னா தாத்தா?” என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அப்படி ஒரு கேள்வி இருந்ததே அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை ஏற்றிக்கொண்டுபோய்க் கடலோரத்தில் இறக்கிவிட்டு வந்தது என் வண்டிதான்.