எடைமேடைக் கம்ப்யூட்டரை அணைத்த ஞாயிறு

எடைமேடை முதலாளி முருகேசன் அண்ணன். அவர் மனைவி ராணி மதினி. அனுமந்தன்பட்டி ஜெசிந்தா — பூசை முடிந்து நேரே வந்திருந்தார். கோட்டயத்துக்கு வாழைத்தார் ஏற்றிய லாரியோடு டிரைவர் பாபு. பேட்டரிப் பையோடு நான்.

போன ஞாயிறு, சுருளிப்பட்டி ரோட்டில் லாரிக்கு எடை போடுகிற அந்தச் சின்ன அறையில் இருந்தது இவ்வளவு பேர்தான். எல்லாரும் ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்தக் கம்ப்யூட்டரை யாரும் அணைப்பதில்லை.

ஏன்? அணைத்தால் எழுந்திருக்காது என்று பயம். கரண்ட் போனால் யூபிஎஸ். யூபிஎஸ் தீர்வதற்குள் ஜெனரேட்டர். ஆயுத பூஜைக்கு ஊரில் எல்லா மெஷினுக்கும் ஓய்வு. இதற்கு மட்டும் ஃபேன் ஓட ஓடவே சந்தனம், குங்குமம். பவர் பட்டன் மேல் யாரும் தொடாதபடி பிளாஸ்திரி. பிளாஸ்திரி மேலும் ஒரு பொட்டு.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் தட்டினால் ஓடுகிற டிவி ஒன்று இருக்கும். அதைக் கழற்ற யாரையாவது விடுவீர்களா?

புதுசு வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். மேடையின் எடையைக் காட்டுகிற பெட்டியின் வயரைப் புதுசு ஏற்காது. பெட்டியையும் மாற்ற வேண்டும். மாற்றினால் முத்திரை போட ஆபீசர் வர வேண்டும். அதற்குள் சீசன் முடிந்துவிடும். பைபாஸில் புது எடைமேடை வேறு வந்துவிட்டது. இங்கே ஒரு வாரம் எடைச் சீட்டு அடிக்காவிட்டால் லாரிகள் அங்கே போகும். போன லாரி திரும்பாது. முருகேசன் அண்ணனுக்குத் தோட்டம் கிடையாது. மேடைதான் எல்லாம்.

நான் போனது யூபிஎஸ் பேட்டரி உப்பிவிட்டதால். கரண்ட் இருக்கும்போதே மாற்றிவிட்டால் மெஷினுக்குத் தெரியாது. பல தடவை அப்படித்தான் மாற்றியிருக்கிறேன். ஜெசிந்தா வந்தது வேறு வேலையாக.

கம்ப்யூட்டர் சமாச்சாரம் இந்தப் பக்கத்தில் எதற்கு என்று கேட்பவர்கள், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது பற்றி எழுதியபோதும் கேட்டீர்கள். பொறுங்கள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

அந்த மெஷினில் விண்டோஸ் இல்லை. லினக்ஸ். உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து, காசு வாங்காமல் செய்வது. அதில் பல வகை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு கூட்டம். ஜெசிந்தா ஒரு கூட்டத்தில் இருக்கிறார். உத்தமபாளையத்தில் சம்பள வேலை. மிச்ச நேரம் இது.

ஆன் செய்ததும் உள்ளே முதலில் எழுகிற சின்ன புரோகிராம் ஒன்று உண்டு. பூட்லோடர் என்று பெயர். அது பெரிய சிஸ்டத்தை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். காலையில் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போகிற ஆள் மாதிரி. ஆள் வராவிட்டால்? உள்ளே எவ்வளவு சரக்கு இருந்தும் கடை கடையில்லை.

முருகேசன் அண்ணன் மெஷினில் இருப்பது பழைய பூட்லோடர். எழுதியவர்களே கைவிட்டுவிட்டார்கள். ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை — ஜெசிந்தாவைத் தவிர. ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் அதைத் தைத்து, ஒட்டுப்போட்டு ஓடவைத்தவர் அவர்தான். காசு? கிடையாது. நன்றி? எப்போதாவது. ஓடாவிட்டால் மட்டும் தவறாமல் மெயில் வரும்.

இப்போது அந்தக் கூட்டத்தில் பேச்சு. பழசை ரிட்டயர் செய்யலாமா? ஓடுகிறதை ஏன் தூக்க வேண்டும் என்கிறது ஒரு கட்சி. ஒற்றை ஆளை நம்பி எத்தனை நாள் என்கிறது இன்னொரு கட்சி. அங்கே ஒரு வழக்கம். பழசு வேண்டும் என்கிறவர், புதியது ஓடாத மெஷினைக் காட்ட வேண்டும். வெறும் ஆசைக்கு ஓட்டு இல்லை.

எல்லாரும் ஜெசிந்தா வாயைப் பார்த்தார்கள். ஜெசிந்தா இந்த மெஷினைப் பார்க்க வந்துவிட்டார்.

“அண்ணே, ஒருக்கா அணைச்சுப் பாக்கணும். உள்ள இருக்குறதப் புது டிஸ்க்குல காப்பி எடுத்தாச்சு. அதுல புது பூட்லோடர் போட்டுருக்கேன். எந்திரிக்குதாண்டு பாக்கணும்.”

முருகேசன் அண்ணன் முகம் மாறியது.

“ஏத்தா, நீ ஓட்டுப் போடுறதுக்கு எம் பொழப்ப அணைக்கணுமா?”

“வேணாம்ண்டா வேணாம்ணே. பழசு வேணும்ண்டு ஒரு வரி எழுதிட்டா போதும். இன்னும் கொஞ்ச காலம் ஒப்பேத்தலாம்.”

“அப்ப எழுது! ஏலே தம்பி, நீ பேட்டரிய மாத்து. கரண்ட் இருக்கு.”

நான் ஸ்பேனரை எடுத்தேன். ஜெசிந்தா நகரவில்லை.

“எழுதலாம்ணே. ஆனா அதப் பாக்க நான் ஒருத்திதான். நாளைக்கு என்னால முடியாமப் போச்சுண்டா யாருக்கும் தெரியாது. இத வச்சுருக்குறவுக பாக்க ஆளு இருக்குண்டு நெனச்சுக்கிட்டே இருப்பாக. ஒருநா எந்திரிக்காது. நிப்பாட்டப் போறோம்ண்டு இப்பவே சொன்னா, வெரசா மாத்திக்கிருவாக.”

“புதுசு இதுல ஓடலைண்டா?”

“பழச மாட்டித் தாரேன். எங்க கூட்டத்துலயும் ஓடலைண்டு சொல்லி, இன்னும் ஒரு வருசம் நானே பாக்குறேன்.”

“அந்தப் பழசும் எந்திரிக்கலைண்டா?”

ஜெசிந்தா மெஷினை ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார்.

“அது நடக்கலாம்ணே. இல்லைண்டு சொல்ல மாட்டேன்.”

வியாபாரம் பேசுகிறவர் யாராவது இப்படிச் சொல்வார்களா? கேரண்டி என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் அண்ணன் அப்போதே தலையாட்டியிருப்பார். ஜெசிந்தா போடவில்லை. எனக்கு அந்த இடத்தில்தான் அவர் மேல் பெரிய மரியாதை வந்தது.

வாசலில் பாபு எட்டிப் பார்த்தார்.

“எந்தா சேட்டா, மரிச்ச வீடு போலே? சீட்டு தா. காய் பழுக்கும்.”

“பழுத்தா உனக்கென்ன, வழியெல்லாம் தின்னுக்கிட்டே போ” என்றார் ராணி மதினி. பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

“இந்தா பாருங்க. ஒருநா அது தானா அணையத்தான் போகுது. அன்னைக்கு இந்தப் புள்ள பக்கத்துல இருக்குமா? இன்னைக்கு இருக்கு.”

அண்ணன் குனிந்தார். பிளாஸ்திரியை அவரே நகத்தால் உரித்தார். பொட்டும் சேர்ந்து வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அணை” என்றார்.

ஃபேன் சத்தம் நின்றது. அந்த அறையில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. ரோட்டில் போகிற சைக்கிள் கேட்டது.

ஜெசிந்தா டிஸ்க்கை மாற்றினார். நான் பேட்டரியை மாற்றினேன். பட்டனை அழுத்தினார்.

திரை கறுப்பு. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டியது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாபுவும் இப்போது ஜோக் அடிக்கவில்லை.

ஜெசிந்தா பதறவில்லை. மறுபடி அணைத்தார், போட்டார், ஏதோ ஒரு நீலத் திரையைத் திறந்து படித்தார். என்னிடம் கை நீட்டினார்.

“அண்ணே, காசு மாதிரி பேட்டரி ஒண்ணு இருக்கா?”

இருந்தது. கம்ப்யூட்டருக்குள் தேதியும் சில குறிப்புகளும் மறக்காமல் இருக்க அந்தக் குட்டி பேட்டரி. அது எப்போதோ செத்துவிட்டது. மெஷின் அணையவே இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. அணைத்ததும் எந்த டிஸ்க்கில் எழ வேண்டும் என்பதையே மறந்துவிட்டது.

“பூட்லோடர் தப்பு இல்லண்ணே இது. பழசா இருந்தாலும் இங்கனதான் நின்னுருக்கும்.”

மாற்றினார். தேதியையும் டிஸ்க்கையும் அந்த நீலத் திரையில் மறுபடி சொல்லிக்கொடுத்தார். மறுபடி பட்டன்.

கோடு. கறுப்பு. பிறகு எழுத்துகள் மளமளவென்று ஓடின. எடை போடுகிற திரை வந்து நின்றது. ராணி மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று சொன்னார்.

ஜெசிந்தா அங்கேயே நின்று போனில் மெயில் எழுதினார். படித்தும் காட்டினார். புதியது ஓடியது. பழையதற்கு ஓய்வு கொடுக்கலாம். மாற்றுவது எப்படி என்பதை நானே எழுதித் தருகிறேன். கீழே அவர் பெயர்.

ஒன்றை நிறுத்துகிறவரை ஊரே திட்டும். சொல்லாமல் விட்டுவிட்டுப் போகிறவரை யாருக்கும் தெரிவதே இல்லை. அதனால்தான் விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். இங்கே ஒருவர், தான் வளர்த்ததைப் போதும் என்று தன் பெயரைப் போட்டே சொல்லிவிட்டார். அதையும் மூன்றே வரியில். நாம் ஒரு கல்யாணத்துக்கு வரமுடியாது என்று சொல்ல எவ்வளவு எழுதுகிறோம்?

“இத்தன வருசம் பாத்த, நீயே போகச் சொல்லிட்ட. வருத்தமா இல்லையாத்தா?” என்று கேட்டார் முருகேசன் அண்ணன்.

“இருக்குண்ணே” என்றார் ஜெசிந்தா. போனைப் பையில் போட்டார். “லாரிய ஏத்தச் சொல்லுங்க.”

பாபு ஏற்றினார். மேடை லேசாக அமுங்கியது. திரையில் கிலோக் கணக்கில் எண்கள் ஓடின. கூடின, குறைந்தன. அண்ணன் திரையையே பார்த்தார்.

நின்றது.

14,260.