மாலை போடாத படம்

நிஷாந்தினி பதுளையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கள அலுவலர். பிறந்தது நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் ஒன்றில். வருகிற நிவாரணமெல்லாம் வழியிலேயே கரைந்துபோவதைப் பார்த்து வளர்ந்தவள். அதனால் நிறுவனம் பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேட்டுக்கு மாறியபோது மற்ற எல்லோரையும்விட அவள்தான் மகிழ்ந்தாள். யாருக்கு என்ன கிடைத்தது என்பதைப் படத்தோடு பதிவேற்றினால் பணம் கொடுத்தவர்கள் எங்கிருந்தும் பார்க்கலாம். ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவின் அடையாளத்தைத் தன்னுள் சுமந்திருக்கும். இடையில் ஒன்றை மட்டும் பிடுங்கி எறிய எவராலும் ஆகாது.

லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இதை அவள் விளக்கியபோது, புதுக் கூரைத் தகரத்தைப் பிடித்தபடி நின்ற லெட்சுமி கேட்டாள்.

"அப்ப நான் செத்தாலும் என் மூஞ்சி போகாதா மிஸ்?"

"போகாதுக்கா."

"கேட்டுக்கய்யா. ஒனக்கு என்கிட்டருந்து விடுதலையே இல்ல," என்று புருஷன் அழகரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் படம் பதிவானது.

கார்த்திகை மழையில் மலை சரிந்தது. சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்த அழகர் தப்பினார். லயத்தோடு போன லெட்சுமியின் உடல் கிடைக்கவேயில்லை.

கருமாதிக்கு முன்னால் அவர் அலுவலகத்துக்கு வந்தார்.

"அதை அழிச்சிருங்க மிஸ். மவன் போன்ல காட்டுனான். உசிரோட இருக்கிற மாதிரி தகரத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. மாலை போடாம வச்சிருந்தா அவ எப்படிப் போவா?"

"அழிக்க முடியாதுண்ணே."

"ஒங்க பெரியவங்ககிட்ட கேளுங்க."

"அவங்களாலயும் முடியாது." அவள் பெருமையாக ஊர் ஊராகச் சொல்லித் திரிந்த பேச்சுத்தான் இது. "கீழ இன்னொன்னு சேர்க்கலாம், இறந்துட்டாங்கன்னு. வீட்டுல அக்காவோட வேற படம் இருக்கா?"

"வீடே இல்லையே மிஸ்."

அழிக்கச் சொன்ன படத்தையே அவள் அச்செடுத்துக் கொடுத்தாள். அவர் பஸ் நிலையத்தடியில் செவ்வந்தி மாலை வாங்கி வந்து மேசைமேல் வைத்துப் போட்டார். நெற்றியில் பொட்டு வைத்தார். அதைப் படமெடுத்து அவள் பதிவேற்றினாள்.

"இனிப் போயிருவாளா?"

திரையில் கீழே மாலையோடு ஒரு லெட்சுமி. மேலே இன்னொருத்தி தகரத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் மொனராகலைப் பாதையில் வேறொரு லயத்தில் ஒரு பெண்ணுக்குத் தகரம் கொடுத்தார்கள். இந்தப் பெண்ணின் பதிவு மாலை போட்ட படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்; அது, இடையில் உள்ள முகங்கள் வழியே, மாலை போடாத படத்தை.

"சிரிக்கணுமா மிஸ்?"

"வேணாங்க்கா. சும்மா நில்லுங்க."