ஷாஹிதா டீச்சரின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

எங்கள் பக்கத்து வீட்டு ஷாஹிதா டீச்சர் கம்ப்யூட்டர் சயின்ஸும் பி.எட்.டும் படித்துவிட்டு, அரசு வேலைக்குக் காத்திருந்தே நாற்பதைத் தொட்டவர். இடையில் அவர் பாடம் நடத்தாத இடமில்லை. தனியார் பள்ளி, டைப்பிங் சென்டர், டியூஷன். எங்கே போனாலும் வகுப்பு சூடு பிடிக்கும் நேரத்தில் யாராவது பூட்டும் கையுமாக வந்து நிற்பார்கள். "உன் ராசி அப்படி" என்று அவர் கணவர் பீர் முகைதீன் கேலி செய்வார். எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. இந்த ஊரில் வகுப்பை மூடுவதற்கு ராசியெல்லாம் வேண்டியதில்லை.

கடைசியாக, சென்னையில் உள்ள ஓர் அறக்கட்டளை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லித்தர அவரை அமர்த்தியது. சிவகாசியில் மூடிக் கிடந்த ஓர் அச்சாபீஸ் கூடத்தில் ஞாயிறுதோறும் வகுப்பு. வந்தவர்கள் பெரும்பாலும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். அவர்களில் ஆனைக்குட்டத்துச் சுகிர்தா கெட்டிக்காரி. அவளுடைய அம்மா பாலம்மாள் விடிந்தும் விடியாமலும் கம்பெனி வேனில் ஏறுகிறவர். "எம்மகளாவது உக்காந்து பாக்குற வேலைக்குப் போகட்டும் டீச்சர்" என்று சொல்லித்தான் சேர்த்துவிட்டார்.

ஞாயிறு சாயங்காலம் டீச்சர் வீடு திரும்பும்போது பார்க்கப் பாவமாக இருக்கும். ஒரே லூப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டியிருக்கும். பிள்ளைகள் எழுதியதில் தப்பைத் தேடித் தேடிக் கண் சிவந்திருக்கும். "என்னைப் பேச வைக்காதீக அக்கா" என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

வருஷக் கடைசியில் தேர்வு. பிள்ளைகள் தேறினால்தான் வகுப்பு தொடரும், இல்லையென்றால் கம்ப்யூட்டர்களை எடுத்துப் போய்விடுவோம் என்று அறக்கட்டளை முதலிலேயே சொல்லியிருந்தது. சென்னையிலிருந்து கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாதியில் எழுந்து போனால் தேர்வு செல்லாது.

தேர்வன்று பாதி நேரம் ஒழுங்காகவே போயிற்று. அப்புறம் மூலையில் இருந்த யுபிஎஸ் பேட்டரி டப்பென்று வெடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை. கொஞ்சம் புகை, கருகிய வாடை, அவ்வளவுதான். வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் கத்திச் சிரித்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்திருக்கும். இங்கே ஒருத்தரும் கத்தவில்லை, பையை எடுக்கவில்லை, செருப்பைத் தேடவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் கூடம் காலி. எதிர்ப் பொட்டலின் கடைசிக்குப் போய்த்தான் நின்றார்கள். நடக்கப் பழகும்போதே வீட்டில் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கடைசிப் பிள்ளைக்குப் பின்னாலேயே டீச்சரும் வெறுங்காலோடு ஓடினார்.

அறக்கட்டளையிலிருந்து தருண்குமார் என்ற பையன் போன் செய்தான். நல்ல பையன்தான், "யாருக்கும் அடிபடலையே மேடம்?" என்றுதான் ஆரம்பித்தான். "மறுதேர்வு கேட்டு வாங்கியிருக்கேன். ஆனா இனிமே என்ன சத்தம் கேட்டாலும் நீங்க சொல்ற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது. அதுக்கு நீங்க உறுதி தரணும். பசங்களைப் பழக்கிடுங்க."

டீச்சர் சரி என்றார். இந்த ஒரு வகுப்பாவது பிழைக்கட்டும் என்ற ஆசை.

அடுத்த ஞாயிறு நானும் சுண்டல் அவித்துக்கொண்டு கூடப் போயிருந்தேன். பிள்ளைகளை உட்கார வைத்து, விஷயத்தைச் சொல்லிவிட்டு, டீச்சர் கூடத்தின் பின்பக்கம் போய் அங்கிருந்த இரும்புக் கதவை ஓங்கி அறைந்தார். எல்லோரும் வாசலுக்குப் பாய்ந்தார்கள். திட்டித் திரும்ப உட்கார வைத்தார். மறுபடி அறைந்தார். பாதிப் பேர் எழுந்து, பிறகு உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த முறை ஒருத்தரும் அசையவில்லை. பழகிவிட்டார்கள்.

டீச்சர் முன்னால் வந்து பார்த்தார். சுகிர்தா கண்ணை இறுக்க மூடி, இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழவே இல்லை. "சரியா இருந்தேனா டீச்சர்?" என்று கேட்டாள்.

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. அங்கேயே தருண்குமாருக்குப் போன் போட்டார். "தம்பி, மறுதேர்வு வேணாம். கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போயிருங்க." அவன் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தான். டீச்சர் போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கதவுக்குப் போனார்.

"ஏலே, நான் சொன்னதை மறந்துருங்க. சத்தம் கேட்டா ஓடணும். யாரு சொன்னாலும் உக்காரக் கூடாது, நான் சொன்னாலும் உக்காரக் கூடாது!"

கதவை அறைந்தார். பிள்ளைகள் தயங்கித் தயங்கி அவர் முகத்தைப் பார்த்தார்கள். மறுபடி அறைந்தார். சிலர் ஓடினார்கள். டீச்சர் அழுதுகொண்டே அறைந்தார், கூடம் காலியாகும்வரை. சுகிர்தாதான் கடைசியாக எழுந்து ஓடினாள்.