முப்பத்தாறா, இருபத்தெட்டா

தெருவில் எல்லாருக்கும் அவள் கறார் அக்கா. இருபத்தாறு வருடமாக ட்ராக் சைக்கிளுக்குச் சக்கரம் கட்டுகிறாள். பிரேக் இல்லாமல், கியர் இல்லாமல், சரிந்த மரத்தளத்தில் வட்டமடித்துப் பறக்கிற வண்டி அது. சக்கரம் சொதப்பினால் ஆளும் சொதப்பினான், அவ்வளவுதான்.

அதனால் சக்கரத்தின் நடுவில் எந்த ஹப், அதிலிருந்து வளையத்துக்கு எத்தனை கம்பி என்ற பேச்சை எடுக்கும் முன்பே, வந்தவரை எடை மெஷினில் ஏற்றிவிடுவாள். வாயால் சொன்ன எடைக்கு அவள் கட்டவே மாட்டாள். பந்தயக்காரன் சொல்லும் கணக்கில் எப்போதும் நாலு கிலோ காணாமல் போயிருக்கும் என்பது அவள் கட்சி. ஒருமுறை ஒரு தொப்பைக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்தபடி ஏறினார். "மூச்சைப் பிடிச்சா தொப்பைதான் சார் உள்ள போகும், எடை எங்கேயும் போகாது" என்றாள்.

ஒரே ஒருவனுக்கு மட்டும் விலக்கு. அவள் தம்பி. தொண்ணூற்றெட்டு கிலோ, பட்டப்பெயர் பாறை. நின்ற இடத்திலிருந்து அவன் முதல் மிதி மிதித்தால் நோஞ்சான் சக்கரம் எட்டாக வளைந்துவிடும். அவனுக்குப் பக்கத் தட்டு அகலமான பெரிய ஹப், முப்பத்தாறு தடித்த கம்பி. அவனை நிறுத்துப் பார்க்க என்ன இருக்கிறது!

நாலு மாதமாக ஆளைக் காணோம். வேலை, வெளியூர் என்று போனில் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் காலையில் வந்து நின்றான்.

"நாப்பது வயசுக்கு மேற்பட்டவங்க பந்தயம் வருதுக்கா. பழைய மாதிரியே முப்பத்தாறு போட்டுக் கட்டிடு."

பெரிய ஹப்பை எடுக்கத் திரும்பியவள் அவன் கழுத்தைப் பார்த்தாள். சட்டைக் காலருக்குள் நாலு விரல் தாராளமாகப் போகும்.

"மெஷின்ல ஏறு."

"எனக்குமா? விளையாடாதேக்கா."

"ஏறுடா."

எழுபத்தொன்பது.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றான்.

அவனை இறக்கிவிட்டு அவளே ஏறிப் பார்த்தாள். அறுபத்திரண்டு, எப்போதும் போல. மெஷினுக்கு ஒரு கேடும் இல்லை.

"டயட்டுக்கா. ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டேன்" என்று மென்று விழுங்கினான். சட்டியை வழித்துத் தின்கிறவன் டயட்டாம்! ஊரில் உள்ளவனையெல்லாம் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற வாய், அன்றைக்கு எழவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

ஒரு வாரம் மேஜையில் பெரியதும் சின்னதுமாக இரண்டு ஹப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. முப்பத்தாறு கட்டினால் அவன் கேட்டதைக் கொடுத்தது போல இருக்கும், பேச்சும் வராது. ஆனால் எழுபத்தொன்பது கிலோ ஆளுக்கு அது வெறும் சுமை. இருக்கிற கொஞ்சத் தெம்பையும் புறப்படும்போதே உறிஞ்சிவிடும், எல்லாருக்கும் பின்னால் கடைசியாக வருவான். சின்ன ஹப்பில் இருபத்தெட்டு மெல்லிய கம்பிதான் சரி. ஆனால் வந்ததும் கம்பியை எண்ணுவான். எண்ணினால், அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரிந்துவிடும்.

முப்பத்தாறைப் பாதி கோத்தாள். பிறகு, "சீ, இதுவும் ஒரு பிழைப்பா" என்று தன்னையே திட்டிக்கொண்டு எல்லாவற்றையும் உருவிப் போட்டாள். இருபத்தெட்டைக் கட்டி, கோட்டம் எடுத்து, கொக்கியில் மாட்டினாள்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தான். ஒவ்வொரு கம்பியாக விரலால் தொட்டுக்கொண்டே போனான்.

"இருபத்தெட்டுதான் இருக்கு."

"உன் எடைக்கு அதுதான்."

"நான் முப்பத்தாறு கேட்டேன்."

"நீ ஆயிரம் கேப்பே."

கத்துவான் என்று நினைத்தாள். அவனோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வீட்டுல இன்னும் சொல்லலைக்கா. என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. வயித்துல கட்டி. ஆபரேஷன் பண்ற கட்டம் தாண்டிடுச்சாம்."

"அடப்பாவி, ஒத்தை ஆளாவாடா சுமந்துக்கிட்டுத் திரிஞ்சே?" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"பந்தயமெல்லாம் வேணாம்டா" என்றாள் கடைசியில்.

"அது ஒண்ணுதான்கா இப்போ வேணும். கடைசியா வரக் கூடாது, அவ்வளவுதான்."

சக்கரத்தைக் கையில் எடுத்து அச்சைப் பிடித்துச் சுழற்றிவிட்டான். அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். நல்லா இருக்கு என்பது போலத் தலையை ஆட்டி, அவளிடமே திருப்பி நீட்டினான்.

"பந்தயத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கு. அதுக்குள்ள எடை இன்னும் இறங்கிடும். இருபத்துநாலு கம்பியாவே கட்டிடுக்கா."