ஸ்காபரோவிலிருந்து ஸ்காபரோவுக்கு

சுற்றுலா கூட்டிக்கொண்டு போகிறவனுக்கு ஊர் பார்க்கக் கிடைப்பதில்லை. வான் வண்டியில் ஏற வேண்டிய தலைகளை எண்ணி முடிப்பதற்குள் ஊர் போய்விடும். சொந்தக்காரரை நயாகரா காட்டக் கூட்டிக்கொண்டு போய், அவர்களைத் திருப்பி வீட்டில் இறக்கிவிட்ட பிறகு காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் தனியாக இருந்தவர் நீங்கள் என்றால், மேலே வாசியுங்கள். நாம் ஒரே சாதி.

பெயர்ப் பொருத்தம்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பிளாஸாவில், சாறிக் கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் இருந்த பயண முகவர் நிலையத்தில்தான் எனக்கு வேலை. முதலாளி நந்தன் அண்ணை. எல்லாச் சனமும் தங்கள் ஃபோனிலேயே ரிக்கெற் போடப் பழகிவிட்ட காலம். நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடிக்கு வெளியே கார் பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாள் அண்ணை, "ஏதாவது புதுசா யோசி, இல்லாட்டிக் கடையைப் பூட்டவேண்டியதுதான்" என்றார். நான் யோசித்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

எங்கள் ஸ்காபரோவுக்குப் பெயர் வந்தது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் ஸ்காபரோவிலிருந்து. பழைய காலத்து வெள்ளைக்காரர் கோடை விடுமுறைக்குப் போகும் கடற்கரை ஊர். குன்றில் கோட்டை, மணலில் கழுதைச் சவாரி, கரை நெடுக மீனும் சிப்ஸும் விற்கும் கடைகள். லண்டன் கோயில்களோடு இரண்டு இரவு இதையும் சேர்த்தால் வயதானவர்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். விளம்பரத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது முதல் ஆளாக உள்ளே வந்தவர் பூமணி அன்ரி. எங்கே கோயில் யாத்திரை, எங்கே பஸ் பயணம் என்றாலும் முன் சீற்றைப் பிடிக்கிறவர். விளம்பரத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"தம்பி, ஸ்காபரோவுக்குப் போக ஏன் பிளேன்? வெளியில நிண்டால் லோறன்ஸ் பஸ் வருமே."

ஒரு மனிசி மட்டும் சிரித்துக்கொண்டு

எல்லோரும் குறையோடு பதிந்தார்கள். சிரித்த முகத்தோடு பதிந்தவர் ஒருவர்தான்: யோகேஸ்வரி அன்ரி. ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் மகளோடு இருப்பவர். அவருடைய கணவர் செல்வநாயகம் அங்கிளுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. மகளைச் சில நாளைக்குத் தெரியும், சில நாளைக்குத் தெரியாது. மனைவியைத் தாதி என்று நினைத்து "மிஸ்" என்று மரியாதையாகக் கூப்பிடுவாராம்.

அங்கிள் இளந்தாரியாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர். கோடை விடுமுறையில் அந்த ஸ்காபரோவில் ஒரு ஹொட்டேல் குசினியில் கோப்பை கழுவி, அந்தக் காசில் படித்தவர். கலியாணம் கட்டிய நாள் முதல் அந்தக் குசினிக் கதையைச் சொல்லிச் சொல்லி அன்ரிக்கே மனப்பாடம். இப்போது மற்றக் கதையெல்லாம் போய்விட்டது, அது மட்டும் நின்றது. அந்த ஊரைக் கண்டால் மனிதர் கொஞ்சம் தெளிவார் என்று அன்ரி நம்பினார். மகள் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாளாம். நானும், "அவ்வளவு தூரம் கஷ்டம் அன்ரி" என்றேன். நந்தன் அண்ணை மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். அன்ரி அதைக் கவனிக்கவில்லை.

"எனக்குக் கடலும் வேண்டாம், கோட்டையும் வேண்டாம் தம்பி. ஒருக்கா என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரெண்டால் காணும்."

கடல் வெளிக்கிடாத நாள்

லண்டனிலிருந்து வான் வண்டியில் நாள் முழுக்க ஓடிப் போய்ச் சேர்ந்தோம். நடுக் கோடை. இறங்கினால் கடலைக் காணவில்லை. பொய்யில்லை. கடலிலிருந்து ஒரு மூடுபனிப் புகார் கிளம்பி வந்து ஊரை மூடியிருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி எல்லோரும் வரிசையாக நின்று ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்தோம். அதற்குள் எங்கேயோ அலை அடிக்கும் சத்தம். ஒரு கழுதையின் தலை மட்டும் புகாருக்குள்ளிருந்து வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனது. குளிர், கனடாக்காரரையே நடுங்க வைத்தது. எல்லோருடைய குளிர்கால ஜக்கெற்றும் ரொறன்ரோவில் பத்திரமாக இருந்தது.

செல்வநாயகம் அங்கிளை அன்ரி கம்பிக்கருகே கொண்டுபோய் நிறுத்தி, "இஞ்ச பாருங்கோ, எங்க வந்திருக்கிறம் எண்டு தெரியுதோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அங்கிள் மூக்கை உயர்த்தி மணம் பிடிப்பதுபோல நின்றார். நான் எல்லோருக்கும், "நாளைக்கு வெளிச்சிடும், நாளைக்கு வெளிச்சிடும்" என்று சொல்லிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினேன். பூமணி அன்ரி சால்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டார்.

"கடல்ச் சத்தம் மட்டும் கேக்கத்தானெண்டால், உதை நான் வீட்டில படுத்திருந்து ஃபோனில கேட்டிருப்பன்."

காலைச் சாப்பாடு

நாங்கள் தங்கியது குடும்பமொன்று நடத்தும் பழைய விடுதி. நாலு மாடி, லிஃப்ற் இல்லை, படி ஏணியைப்போல நிமிர்ந்து நின்றது. என்னோடு வந்தவர்களில் முழங்கால் நோகாத ஆளே இல்லை. குளியலறையில் நிலத்துக்குக் கம்பளம். சுடுதண்ணீருக்கு ஒரு குழாய், பச்சைத்தண்ணீருக்கு வேறொரு குழாய்; ஒன்றில் கை அவியும், மற்றதில் விறைக்கும்.

விடிந்தது வெள்ளிக்கிழமை. விடுதிக்காரப் பெண்மணி அன்போடு கொண்டுவந்து வைத்த சாப்பாட்டுக் கோப்பை நிறையப் பன்றி இறைச்சி. பொரித்தது, சுருட்டியது, இரத்தத்தில் செய்து கறுத்தது. நான் குசினிக்குள் ஓடி, "இவர்கள் இன்றைக்கு மரக்கறி" என்று விளக்கினேன். பாவம், அவர் முகம் வாடிவிட்டது. கடைசியில் வாட்டிய பாணும், அதன்மேல் ரின்னில் வந்த இனிப்பு போஞ்சிக்கொட்டையும் வந்தன. ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர் அரியம் அங்கிள். மிளகாய்த்தூள் போத்தல் இல்லாமல் வீட்டுப் படி இறங்காத அவரிடமிருந்து விமான நிலையத்தில் அதைப் பறித்துவிட்டார்கள். ஒரு கரண்டி வாயில் வைத்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உதைச் சாப்பிட்டுக்கொண்டோ தம்பி உவங்கள் எங்களை ஆண்டவங்கள்?"

கடற்காகம்

பகலில் புகார் விலகியது. உண்மையில் அழகான ஊர்தான். விரிந்த மணல், வெயிலில் மினுங்கும் தண்ணீர், கழுதைகளின் கழுத்தில் மணி. முதன்முறையாக ஒருவரும் குறை சொல்லாத பத்து நிமிடம் எனக்குக் கிடைத்தது.

யோகேஸ்வரி அன்ரிக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கிளை ஒரு வாங்கில் இருத்தி, பக்கத்தில் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த பூமணி அன்ரியிடம், "ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே கடற்காகங்கள் எங்கள் ஊர்க் காகங்களைவிடப் பெரிது, பயமும் இல்லை. ஒன்று மேலிருந்து விழுந்து பூமணி அன்ரியின் கையிலிருந்த முழுப் பொட்டலத்தையும் கொண்டு போனது. அன்ரி போட்ட கூச்சலில் கடற்கரையே திரும்பிப் பார்த்தது. நாங்கள் எல்லோரும் அவரைச் சுற்றி ஓடினோம். அவருடைய விரலில் இரத்தம். துடைத்து, தேற்றி, நிமிர்ந்து பார்த்தால் வாங்கு வெறுமையாக இருந்தது.

கடல் ஏறத் தொடங்கியிருந்தது. நான் முதலில் ஓடியது தண்ணீருக்குத்தான். கரை நெடுகச் சப்பாத்தோடு ஓடினேன். தூரத்தில் தெரிந்த ஒவ்வொரு வெள்ளைத் தலையும் அங்கிளாகத் தெரிந்து, கிட்டப் போனதும் வேறு யாரோவாகியது. விளையாட்டு மெஷின் கடைகளுக்குள்ளும் கழிப்பறைகளிலும் தேடினேன். மனுசனைக் கடல் கொண்டு போயிருந்தால் மகளுக்கு எந்த வாயால் சொல்வது என்று நினைத்தபடி பொலிசுக்கு ஃபோன் அடித்தேன். பொலிஸ் வந்தது. இளம் பெண் அதிகாரி ஒருத்தி அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு எங்கே போக விருப்பம் இருந்திருக்கும்?" என்று கேட்டாள். நான் தமிழில் கேட்டேன். அன்ரி கடலைப் பார்த்துக்கொண்டு சொன்ன பதிலை என்னால் ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை.

"அதைத்தானே பிள்ளை நானும் கலியாணம் கட்டின நாளிலயிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறன்."

பின்கதவு

என்னுடைய ஆட்கள் எல்லோருடைய கழுத்திலும் என் ஃபோன் நம்பர் எழுதிய அட்டை தொங்கும். அந்த நம்பருக்கு ஒரு அழைப்பு வந்தது. மேட்டுத் தெருவில் உள்ள ஒரு ஹொட்டேலின் சமையல்காரர். வயதானவர் ஒருவர் பின்கதவால் வந்து, "பிந்திவிட்டது, மன்னியுங்கள்" என்று சொல்லி, கோட்டைக் கழற்றிக் கொளுவிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியடியில் நின்று பாத்திரம் கழுவத் தொடங்கிவிட்டாராம். அன்றைக்கு ஆள் பற்றாக்குறை. வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் அனுப்பிய ஆளாக்கும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். கழுத்து அட்டையைப் பிறகுதான் கண்டிருக்கிறார்கள். அங்கிள் அந்தக் காலத்தில் வேலை செய்த ஹொட்டேல் அதுவல்ல. அவருடையது எப்போதோ அடுக்குமாடி வீடுகளாகிவிட்டது.

யோகேஸ்வரி அன்ரியும் நானும் மூச்சு வாங்க ஏறிப் போனோம். அங்கிள் முழங்கை வரை சவர்க்கார நுரையோடு, முகம் முழுக்கச் சந்தோசத்தோடு நின்றார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் கண்டதில்லை. அன்ரியைக் கண்டதும் நிமிர்ந்து, ஆங்கிலத்தில், "மேடம், சாப்பாட்டு மண்டபத்துக்கு முன்பக்கத்தால் போகவேணும்" என்றார். அன்ரி வாசலில் அப்படியே நின்றார். பிறகு உள்ளே போய், தொங்கிக்கொண்டிருந்த துவாய் ஒன்றை எடுத்து, அவர் கழுவிவைத்த கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினார். அங்கிள் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார். "புதுசோ?" என்று கேட்டார். "ஓம், இண்டைக்குத்தான் சேர்ந்தனான்" என்றார் அன்ரி. சமையல்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பாத்திரம் முடியும்வரை ஒருவரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

இறங்கி வரும்போது அங்கிள் எங்கள் இருவருக்கும் முன்னால் உசாராக நடந்தார். அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார்.

"இவ்வளவு காலத்தில எனக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவித் தந்ததில்லை, தம்பி. பாத்தீங்களோ, என்ன வடிவாக் கழுவுறார்."

பூட்டின குசினி

திரும்பி வந்த பிறகு என்ன? பூமணி அன்ரியின் விரலைப் பற்றி ஸ்காபரோ முழுக்கக் கதை. நந்தன் அண்ணை விளம்பரத்தைக் கிழித்தார், அடுத்த கோடைக்குள் கடையையும் பூட்டினார். செல்வநாயகம் அங்கிளை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். யோகேஸ்வரி அன்ரி ஒருநாள் மகளின் காரில் வந்து என்னைப் பார்த்தார். அங்கிள் அங்கே தினமும் குசினிக் கதவடியில் போய் நிற்கிறாராம், அவர்கள் பூட்டி வைத்திருக்கிறார்களாம். "நீங்கள் இங்கிலீசில வடிவாக் கதைப்பியள், ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ" என்றார். இல்லத்துக்கு ஃபோன் எடுத்துக் கதைத்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். மறுபக்கத்திலிருந்த பெண் இடையில் குறுக்கிடாமல் கேட்டாள். கேட்டு முடித்து, பாதுகாப்பு விதி இடம் தராது என்றாள். நல்ல பிள்ளைதான், குரலில் உண்மையான கவலை இருந்தது.

"அவருக்கு விருப்பமென்றால், வெள்ளிக்கிழமைகளில் கடல் வீடியோ போட்டுக் காட்டுகிறோம்."

நான் இப்போது அதே பிளாஸாவில் வீட்டுக் காப்புறுதி விற்கிறேன்; வீடுகள் காலைச் சாப்பாட்டைக் குறை சொல்வதில்லை, எழும்பிக் காணாமற்போவதுமில்லை.